ஜபேடா பெயர் போட்ட பெட்டி

ஜபேடாவுக்குக் காது பெரிது என்று பிளாக் சி-யில் எல்லாரும் கேலி பேசுவார்கள். பெரிதில்லை, கூர்மை. இரண்டும் ஒன்றா? பத்து மாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, லிஃப்ட் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள்ல இது நின்னு போயிடும், படியேறத் தயாரா இருங்க" என்பாள். மூன்றாம் நாள் எல்லாரும் அரிசி மூட்டையோடு படியேறுவார்கள். ஏறும்போது அவளைத்தான் திட்டுவார்கள், அவள் சொன்னதால்தான் லிஃப்ட் நின்றது என்பதுபோல.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள் அவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் எறும்புத் தலை அளவுக்கு ஈயப் பொட்டுகள். எது சரியாக ஒட்டியிருக்கிறது, எது ஒட்டியதுபோல் நடிக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. சரியானதன் மேல் ஒரு பொடி ஒட்டுத்தாள் ஒட்டுவாள். அதில் 114 என்று போட்டிருக்கும். அவள் எண் அதுதான். ஜபேடா என்று எங்கேயும் போட்டிருக்காது. மேற்பார்வைக்காரன்கூட, "நூத்திப்பதினாலு, சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது" என்றுதான் கூப்பிடுவான். உலகம் முழுக்க எத்தனையோ வீட்டில், எத்தனையோ மெஷினுக்குள்ளே அவள் பார்த்து விட்ட பலகை ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒன்றில்கூட இல்லை. தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

"வேலையே போயிடுச்சு, இனி மணி பாத்து என்ன செய்யுறது?" என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். ஐம்பது வயது அப்போது.

அப்புறம் ரெண்டு மாதம் சும்மா இருந்தாள். சும்மா இருக்கிற ஆளா அவள்! புருஷன் ஜக்காரியா ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைத் தள்ளிக்கொண்டு போய் லியோங் தவுக்கே என்கிற முதலாளியின் பட்டறையில் விட்டார்கள் ஒரு நாள். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சைலன்சர் குழாய் மாற்றுகிற பட்டறை அது. அங்கே ஒரு பையன் ஒயரைத் திருகி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜபேடாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, காயத்துக்குக் கட்டு போடுறியா? தள்ளு."

அவன் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கி, ஈயம் வைத்து, மூன்றே நிமிஷத்தில் ஒட்டிக் காட்டினாள். லியோங் தவுக்கே வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவள் அங்கே வேலைக்குப் போனாள்.

அந்தப் பட்டறையில் குழாயைவிட அதிகம் விற்றது ஒரு சின்னப் பெட்டி. தீப்பெட்டியை ரெண்டு சேர்த்து வைத்த அளவு. ஸ்போர்ட்ஸ் காரின் புகைக்குழாய்க்குள் ஒரு தகடு இருக்கும். தகடு திறந்தால் கார் உறுமும், மூடினால் அடங்கும். எப்போது திறக்கணும், எப்போது மூடணும் என்று காரின் மூளையே முடிவு செய்யும். இந்தப் பெட்டியை நடுவில் மாட்டினால் முடிவு ஓட்டுகிறவன் கைக்கு வந்துவிடும். பாலத்து மேலே பறக்கும்போது ஒரு பொத்தானை அமுக்கிச் சிங்கம் மாதிரி கர்ஜிக்கலாம். மாமனார் வீட்டுத் தெருவில் திரும்பும்போது இன்னொரு தரம் அமுக்கிப் பூனை மாதிரி நுழையலாம். பையன்களுக்கு ரெண்டும் வேண்டும். கடல் தாண்டி வருகிற பெட்டி, மேலே பளபளவென்று அந்நிய எழுத்து.

செத்துப்போன ஒரு பெட்டியை ஒருநாள் ஜபேடா பிரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தவுக்கே, இதுல பாதி ஈயம் ஒட்டவே இல்ல. நான் இருந்த இடத்துல இதைக் குப்பைல போட்டிருப்போம். நானே செஞ்சு தரேன்."

"நீ செய்வ லா, கக் பெடா. யாரு வாங்குவா?" என்றார் லியோங், அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு. "ஜெர்மன் பேரு போட்டிருந்தா வாங்குவான். ஜப்பான் பேரு போட்டிருந்தா வாங்குவான். முக்காடு போட்ட ஒரு அம்மா ஏழாவது மாடி சமையல்கட்டுல உக்காந்து செஞ்சதுன்னா, சும்மா குடுத்தாலும் மாட்ட மாட்டான்."

"வெளிநாட்டுக்காரனும் எங்கேயோ உக்காந்துதானே செய்யுறான்? அவன் வீட்ல சமையல்கட்டு கிடையாதா?"

தவுக்கே சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை.

பிளாக் சி-யின் மூன்றாவது மாடியில் டாக்டர் ஹஸ்வான் இருந்தான். முப்பத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். பாலம் தாண்டி வடக்கே வெகுதூரத்தில் ஆஸ்பத்திரி. அதனால் தினமும் விடியற்காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பிவிடுவான். அவனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பெண் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போய்விடுவான். அந்தக் காரைத்தான் கட்டிக்கொண்டான் என்று வையுங்களேன்.

அந்தக் கார் குளிர்ந்து கிடந்து, காலையில் முதல் தரம் உயிர் பெறும்போது போடுகிற சத்தம் இருக்கிறதே! எங்கள் குடியிருப்பு மூன்று பக்கமும் உயர்ந்து, நடுவில் கார் நிறுத்துகிற இடம் கிணறு மாதிரி. கிணற்றுக்குள் புலி உறுமினால் எப்படி இருக்கும்? பத்தாவது மாடியில் தொங்கும் பறவைக்கூண்டு ஆடும். குழந்தைகள் அழும். "ஆஸ்பத்திரில ஆளைத் தூங்க வைக்கிற பய, இங்க தூங்குறவங்களை எழுப்புறான்" என்று பாக் தாஹிர் சொல்லாத நாள் இல்லை.

பாக் தாஹிர்தான் பிளாக் சி-யின் குடியிருப்போர் தலைவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரலே ஒலிபெருக்கி. நோன்பு மாதம் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது கூட்டம் போட்டார்.

"டாக்டர் நல்ல பையன். என் ரத்த அழுத்தத்தை அவன்தான் பாக்குறான். ஆனா அந்த அழுத்தமே அவன் காராலதான் வருது!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். "நோன்புப் பெருநாளுக்குள்ள அந்தச் சத்தம் நிக்கணும். இல்லேன்னா கார் வெளியே போகணும். முடிவு."

ஹஸ்வான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லியோங்கின் பட்டறைக்குப் போனான். லியோங் இருக்கிறதிலேயே நல்ல வெளிநாட்டுப் பெட்டியை எடுத்து மாட்டினார். பட்டறையில் கார் முயல்குட்டி மாதிரி நின்றது. மறுநாள் காலை நாலு ஐம்பதுக்குப் பறவைக்கூண்டு ஆடியது.

காரைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, லியோங் கையை விரித்துவிட்டார். "கார் கிளம்புறப்போ பெட்டி முழிச்சுக்க நாலு செகண்டு ஆகுது, டாக்டர். முழிச்சுக்கிட்டா உடனே மூடிடும். நாலு செகண்டு பொறுத்துக்கச் சொல்லுங்க."

"தவுக்கே, அந்த நாலு செகண்டுலதான் எல்லாரும் எழுந்திரிச்சிடுறாங்க. அப்புறம் சத்தம் அடங்கி என்ன புண்ணியம்? முழிச்ச கண்ணோட ஜன்னல்ல நின்னு என்னைத் திட்டுறாங்க."

ஒயர் சீவிக்கொண்டிருந்த ஜபேடா தலை நிமிர்ந்தாள்.

"நான் செய்யுறேன். சத்தமே வராத பெட்டி. ஆனா ஒரு பேச்சு, தவுக்கே. வேலை செஞ்சா என் பேரைப் போட்டு இங்க விக்கணும்."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. லியோங்குக்கும் வீம்பு உண்டு. "சரி. வேலை செஞ்சா உன் பேரு. செய்யலேன்னா? இனிமே பெட்டி கிட்டின்னு வாயைத் திறக்கக் கூடாது. ஒயரோட நிறுத்திக்கணும், வேலை இருக்குற வரைக்கும்."

"சத்தம் போச்சுன்னு யாரு சொல்லணும்?"

"உங்க பிளாக்ல இருந்து ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. அந்தத் தலைவர் வந்து சொன்னா இன்னும் நல்லது. நான் ஒத்துக்கிறேன்."

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் 114-ஆக இருந்தவளுக்கு ஒரு பெட்டியின் மேல் ஜபேடா என்று வருமா வராதா, அதுதான் கேள்வி. வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூடக் கழற்றாமல் சமையல் மேஜையில் உட்கார்ந்தாள்.

முதல் பெட்டி நோன்பு பிறந்து மூன்றாம் நாள் தயார். நாலு செகண்டை ஒரு செகண்டாகக் குறைத்திருந்தாள். சாயங்காலம் பட்டறையில் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை. ஜபேடா அன்றைக்கு நோன்பு திறக்கும்போது ரெண்டு பேரீச்சம்பழம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் டமார் என்று ஒரு சத்தம். முன்னே நீளமாக உறுமிய கார், இப்போது ஒரே செகண்டில் மொத்தத்தையும் கக்கிவிட்டு அடங்கியது. பீரங்கி போட்டதுபோல. பாக் தாஹிர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று பேச்சு. அவர் மறுத்தார்.

"பெடா, இதுக்குப் பழைய சத்தமே தேவலை," என்றான் ஜக்காரியா, போர்வைக்குள்ளிருந்து. "அது சொல்லிட்டு வரும். இது சொல்லாம வருது."

ஜபேடா ஜன்னலோரம் போய் நின்றாள். யோசித்தாள். பட்டறையில் எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டில் தப்பாகிறது, ஏன்? யோசித்தபோது தன் மேலேயே கோபம் வந்தது. பட்டறைக்கு வருகிற கார் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவது. இஞ்சின் சூடாக இருக்கும். சூடான இஞ்சின் சும்மாவே அடக்கமாகத்தான் கிளம்பும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இஞ்சின்தான் ஆவேசமாக எழுந்திருக்கும். பட்டறைக்காரர்கள் எல்லாரும் வருஷக்கணக்காகச் சூடான காரில் சோதித்துப் பார்த்துக் கைகுலுக்கி அனுப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த காரை ஒருத்தரும் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் பட்டறை திறந்திருக்காது.

ஆக, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனை. நாலு ஐம்பதுக்கு. தவறவிட்டால் அடுத்த நாள்தான்.

மறுநாளிலிருந்து, விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டை நாலு மணிக்கே முடித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஹஸ்வான் சாவியோடு வரும்போது ஒரு அம்மா கார் பின்னால் குத்துக்காலிட்டு, குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மக்சிக், உள்ள என்ன தெரியுது?" என்றான் முதல் நாள், சின்னம்மாவைக் கூப்பிடுகிற முறையில். "ஸ்டெதாஸ்கோப் வேணுமா?"

"நீ மயக்க மருந்து வெச்சிருக்கியா? இருந்தா உன் காருக்கு ஒரு ஊசி போடு. எனக்கு வேலை மிச்சம்."

உள்ளே தெரிந்தது ஒன்று. கார் இன்னும் கிளம்பவே இல்லை, சாவிகூடப் போடவில்லை. ஆனால் தகடு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அப்படியென்றால் அது காலையில் திறக்கவில்லை. ராத்திரி காரை நிறுத்தும்போதே திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறது. காலையில் எத்தனை சீக்கிரம் மூடினாலும் முதல் மூச்சு வெளியே வந்துவிடும்.

அன்று இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, மறுநாள் சஹருக்கு அரிசியைக் களைந்து குக்கரில் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றினாள். காலையில் எழுந்து களைய முடியாது, அதனால் முதல் நாளே எல்லாம் தயார். மூடியைப் போட்டாள். போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அபாங்!" என்று புருஷனைக் கத்திக் கூப்பிட்டாள். ஜக்காரியா தொலைக்காட்சி முன்னாலிருந்து ஓடி வந்தான், கையைச் சுட்டுக்கொண்டாள் என்று நினைத்து.

"காலைல மூடக் கூடாது. சாயங்காலமே மூடிடணும்!"

"குக்கரையா? மூடித்தானே இருக்கு?"

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க."

ரெண்டாவது பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைக்கிற ஒரு குட்டி உருளையை வைத்தாள். ஹஸ்வான் சாயங்காலம் காரை நிறுத்துவான். கார் தகட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கும். அது தூங்கின பிறகு பெட்டி மட்டும் விழித்திருந்து, சேர்த்து வைத்த மின்சாரத்தில் தகட்டை மெல்ல மூடிவிட்டுத் தானும் தூங்கும். ஏழாம் நோன்பன்று மாட்டினாள். எட்டாம் நாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தாள். தகடு மூடியிருந்தது. "போடு சாவியை!" என்றாள்.

கார் விழித்தது. தான் திறந்து வைத்த தகடு மூடிக் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. சந்தேகம் வந்த கார் தகட்டைப் படாரென்று திறந்தது. பெட்டி மூடியது. கார் திறந்தது. திறந்து, மூடி, திறந்து, மூடி, கார் விக்கல் எடுத்தவன் பாடுகிற மாதிரி உறுமியது. எல்லா மாடியிலும் விளக்கு எரிந்தது. நாலாவது மாடியிலிருந்து யாரோ தட்டில் கரண்டியால் தாளம் போட்டார்கள்.

விக்கல் எடுக்கிற காரில் பாலம் தாண்டி ஊர்ந்து போன ஹஸ்வான், அன்று ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போய்ப் பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் பெட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"மக்சிக், கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தரம்தான். அதுக்கப்புறம் காரை வித்துடுறேன்."

லியோங்கும் விடவில்லை. "போதும் லா, கக் பெடா. காரோட மூளையைச் செஞ்சவன் அத்தனை பேரும் இஞ்சினியர். நீயும் நானும் அவனை ஜெயிக்க முடியுமா?"

"அவங்க செஞ்ச பலகையை இருபத்தாறு வருஷம் திருப்பி அனுப்பினவ நான்," என்றாள் ஜபேடா. "எது ஒட்டியிருக்கு, எது நடிக்குதுன்னு எனக்குத் தெரியும். இப்ப என் பெட்டிக்கு நடிக்கக் கத்துக்குடுக்கணும். அவ்வளவுதான்."

அதைத்தான் செய்தாள். தகடு எங்கே நிற்கிறது என்று காருக்குச் சொல்ல ஒரு தனி ஒயர் உண்டு. திறந்திருந்தால் அதில் ஒரு அளவு மின்சாரம், மூடியிருந்தால் வேறு அளவு. நாலு நாள் காலையிலும் நாலு நாள் சாயங்காலமும் மீட்டரை வைத்து அளந்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு பெட்டிக்கு அந்த அளவைச் சொல்லிக்கொடுத்தாள். கார் காலையில் எழுந்து, "திறந்திருக்கா?" என்று கேட்கும். தகடு இறுக்கமாக மூடிக் கிடக்கும். பெட்டி கண் சிமிட்டாமல், "திறந்துதான் இருக்கு" என்று சொல்லும். கார் நம்பிவிடும்.

"நோன்பு மாசத்துல பொய் சொல்ல ஒரு மெஷின் செய்யுறியே, பெடா," என்றான் ஜக்காரியா.

"அது கார்கிட்டதான் சொல்லுது. மனுசங்கிட்ட சொல்லல."

பதின்மூன்றாம் நோன்பன்று மூன்றாவது பெட்டியை மாட்டினாள். ஹஸ்வானிடம், "நாளைக்கு நான் கீழே வர மாட்டேன்" என்றாள். "பக்கத்துல நின்னா எல்லாச் சத்தமும் கேக்கத்தான் செய்யும். என் வீட்டு ஜன்னல்ல உக்காந்து கேக்குறேன். அதுதான் பரீட்சை."

அரிசியைக் குக்கரில் போட்டு, கருவாட்டுச் சம்பலை மூடி வைத்து, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அலாரம் வைக்கட்டுமா?" என்றான் ஜக்காரியா.

"எதுக்கு? நான்தான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறேனே. நீங்க போய்ப் படுங்க."

ஏழெட்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை அவளுக்கு. ஜன்னல் காற்று வேறு. நாற்காலியில் சாய்ந்தாள்.

கண் திறந்தபோது பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து பாங்கு கேட்டது. விடியற்காலைத் தொழுகைக்கான பாங்கு. ஜபேடா துள்ளி எழுந்தாள். சஹர் போய்விட்டது! குக்கரில் சோறு, மூடி வைத்தபடியே சம்பல், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. இனி பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. அதைவிட மோசம், பரீட்சையைத் தவறவிட்டுவிட்டாள். கார் கிளம்பவே இல்லையா? மறுபடியும் மஞ்சள் விளக்கா? அந்தப் பையன் வேலைக்குப் போக முடியாமல் கீழே நின்று தவிக்கிறானா? ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

சிவப்புக் கார் நிற்கிற இடம் காலி. ஒரு சொட்டு எண்ணெய்க்கறை மட்டும் விளக்கொளியில் மினுங்கியது.

ஜபேடா அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கார் போய்விட்டது. லிஃப்ட் முனகினால் எழுந்து உட்காருகிறவள், திறந்த ஜன்னலோரத்தில் தூங்கியிருக்கிறாள், கார் போயிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை! மெல்லச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பக்கமும், பத்து மாடியும் இருட்டு. வழக்கமாக இந்த நேரத்தில் எல்லா சமையலறையிலும் விளக்கு எரிந்து, தட்டு கழுவுகிற சத்தம் கேட்கும். இன்றைக்கு ஒரு விளக்கு இல்லை. பாங்குச் சத்தத்தில் இப்போதுதான் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. அங்கே ஒரு "ஐயோ!". இங்கே ஒரு "மணி என்ன?". ஐந்தாவது மாடியில் ஒரு பெண் புருஷனைத் திட்டுகிற சத்தம். எட்டாவது மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டியைத் திட்டுகிற சத்தம்.

அப்போதுதான் ஜபேடாவுக்கு விஷயம் புரிந்தது. கூட்டம் போட்டுக் கை தட்டின அத்தனை பேரும், நோன்பு பிறந்ததிலிருந்து ஒருத்தர்கூட அலாரம் வைக்கவில்லை. டாக்டர் கார் இருக்கும்போது அலாரம் எதற்கு? திட்டிக்கொண்டே எழுந்து, திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கார் எழுப்பவில்லை. பிளாக் சி முழுக்கப் பட்டினி.

ஜக்காரியா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "பெடா, சாப்பிடலியா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலி வயிறு, பிடிக்க வசதியாக இருந்தது.

தொழுகை முடிந்த கையோடு கதவு இடிபட்டது. பாக் தாஹிர். பின்னால் படிக்கட்டு நெடுகக் கூட்டம்.

"ஜபேடா! என்ன செஞ்ச நீ? சத்தத்தை நிறுத்துன்னா இப்படியா நிறுத்துறது? சொல்லிட்டு நிறுத்த வேணாமா?"

"ஏன் பாக் தாஹிர், கார் போன சத்தம் கேக்கலியா?"

"கேட்டிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டேனா? சம்சாரம் ராத்திரியே ரெண்டாங் வெச்சிருந்தா! மாட்டிறைச்சி ரெண்டாங்! அப்படியே இருக்கு!"

"கொஞ்சங்கூடக் கேக்கலியா? லேசாக்கூட?"

"ஒரு ஈ பறந்த மாதிரிகூடக் கேக்கல!"

"எனக்கும் கேக்கல!" "எங்க மாமியாருக்குக் கூடக் கேக்கல, அது கொசு பறந்தா எழுந்திரிக்கும்!" என்று பின்னால் குரல்கள்.

"நல்லது," என்றாள் ஜபேடா. முக்காட்டைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இதை அப்படியே ஒரு இடத்துல வந்து சொல்லணும். கோவம் ஆறுறதுக்குள்ள வாங்க. ஜக்காரியா வேன் எடுக்கட்டும்."

பள்ளிக்கூட வேனில் பதினேழு பேர் ஏறினார்கள். அன்று சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. குழந்தைகள் உட்காருகிற சின்ன இருக்கையில் முழங்கால் முகத்தில் இடிக்க, பசியோடும் கோபத்தோடும் பாக் தாஹிர் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

லியோங் பட்டறைக் கதவை அப்போதுதான் மேலே தள்ளிவிட்டுக் காப்பியும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார். நோன்பாளிகள் பதினேழு பேர் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் காப்பிக் குவளையைச் சட்டென்று டயருக்குப் பின்னால் மறைத்தார். நல்ல மனுஷன், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

"தவுக்கே," என்றாள் ஜபேடா, "ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க."

பாக் தாஹிர் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நீங்கதான் தவுக்கேயா? இந்தப் பொம்பளை செஞ்ச பெட்டியால பிளாக் சி முழுக்க இன்னிக்குச் சாப்பிடல! அந்தக் கார் எப்படிப் போச்சுன்னே யாருக்கும் தெரியல! பேய் ஓட்டிட்டுப் போன மாதிரி போயிருக்கு! இது நியாயமா?"

லியோங்குக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாய் மெல்லத் திறந்தது.

"குளிர்ந்த இஞ்சினா?"

"ராத்திரி பூரா கீழே கிடந்த கார். குளிராம?" என்றாள் ஜபேடா.

"மஞ்சள் விளக்கு?"

அவள் கைப்பேசியை எடுத்து, காலையில் ஹஸ்வான் பாலம் தாண்டி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினாள். வண்டியின் முன்பலகை. ஒரு விளக்குகூட எரியவில்லை. கீழே எழுதியிருந்தான்: மக்சிக், காரை விற்கப் போவதில்லை.

லியோங் எழுந்து நின்றார். பதினேழு பேரையும் ஒரு தரம் பார்த்தார். ஜபேடாவைப் பார்த்தார். பிறகு அலமாரியில் அடுக்கியிருந்த பளபளப்பான வெளிநாட்டுப் பெட்டிகளை ஒரு கையால் ஓரமாகத் தள்ளி, நடுவில் இடம் பண்ணினார்.

"எத்தனை செய்வ?"

"முதல்ல பேரு."

"சரி லா, பேரு. ஆனா கொஞ்சம் ஜோரா வைப்போம். டர்போ ஏதாவது. தண்டர்—"

"ஜபேடா."

"வாங்குறவன் ஸ்போர்ட்ஸ் கார்க்காரன், கக் பெடா. வெறும் ஜபேடான்னா..."

"ஜபேடா. அதுக்கு முன்னாலயும் ஒண்ணும் வேணாம், பின்னாலயும் ஒண்ணும் வேணாம்."

"போடுங்க தவுக்கே!" என்றார் பாக் தாஹிர். பசியில் எந்தப் பக்கம் கட்சி பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "அவ பேரைப் போட்டாத்தான் நாளைக்கு எவன் பட்டினி கிடந்தாலும் யாரைத் திட்டணும்னு தெரியும்!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. பட்டினி கிடந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் நோன்பு திறந்ததும் பாக் தாஹிர் அவசரக் கூட்டம் போட்டார். இந்தத் தடவை ரெண்டாங் சாப்பிட்ட தெம்பில் பேசினார். டாக்டரின் கார் பிளாக் சி-யிலேயே நிற்கலாம். ஆனால் நோன்பு மாதம் முடியும்வரை, காலை நாலு ஐம்பதுக்கு ஒரே ஒரு தரம் அது உறும வேண்டும். ஒரு தரம்தான், ரெண்டு கூடாது. பிறகு சத்தமில்லாமல் போக வேண்டும். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

"இப்படி முடியுமா, மக்சிக்?" என்றான் ஹஸ்வான்.

"பொத்தான் எதுக்கு வெச்சிருக்கேன்? மூடுறதுக்கு மட்டுமா?"

ரெண்டு நாளில் லியோங் அச்சடித்துக் கொண்டுவந்தார். வெள்ளி நிறத் தாளில் கறுப்பு எழுத்து, கட்டைவிரல் நகம் அளவு. ஒரு சுருள் நிறைய ஜபேடா, ஜபேடா, ஜபேடா. முதல் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவளே ஹஸ்வான் காரின் பின்பெட்டிக்குள் தலையை விட்டாள். பெட்டி இருப்பது உள்ளே, விரிப்புக்கு அடியில். யார் கண்ணிலும் படாத இடம். ஒட்டினாள். விரலால் நாலு மூலையையும் அழுத்தினாள். அப்புறம் இன்னொரு தரம் அழுத்தினாள்.

"யாருக்கும் தெரியாதே, மக்சிக். வெளியே ஒட்டலாமே?"

"இருக்கட்டும். இருக்குன்னு எனக்குத் தெரியும்."

நோன்புப் பெருநாளுக்குள் லியோங் முப்பத்தோரு பெட்டி விற்றுவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கூலிமிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வண்டி வந்தது. பையன்கள் சிவப்பும் மஞ்சளுமான கார்களிலிருந்து இறங்கி, "ஜபேடா இருக்கா தவுக்கே?" என்று கேட்டார்கள். கேட்கும்போது ஒருத்தனும் சிரிக்கவில்லை. கேட்டதைக் காதில் வாங்காதவள்போல ஜபேடா ஒயர் சீவிக்கொண்டிருந்தாள். கூர்மையான காதுதான், சொன்னேனே.

கடைசி நோன்பன்று விடியற்காலை அவள் நாலரைக்கே எழுந்து, சோறும் சம்பலும் எடுத்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்றாள். மூன்று பக்கமும் இருட்டு. கீழே ஹஸ்வான் காரில் ஏறுவது தெரிந்தது. கார் எப்போது கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. பின்விளக்கு சிவந்ததை வைத்துத்தான் சொல்லணும். அது மெல்ல நகர்ந்து வாசல் வரைக்கும் போய் நின்றது. மணி நாலு ஐம்பது. பொத்தானை அமுக்கினான்.

பறவைக்கூண்டு ஆடியது. பத்து மாடியிலும் விளக்குகள் படபடவென்று எரிந்தன. தட்டுகள் மோதின, குழாய்கள் திறந்தன. "எழுந்திருங்க, ஜபேடா கூப்பிட்டாச்சு!" என்று பாக் தாஹிரின் குரல் ரெண்டாவது மாடியிலிருந்து கிணறு முழுக்க எதிரொலித்தது.

ஜபேடா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, ஜக்காரியாவின் தட்டில் சோற்றை வைத்தாள்.